உணவுக்குழாய்ப் புற்றுநோய்: மைக்ராஸ்கோப் எண்டோஸ்கோப்பா, ஒரு பாட்டில் அயோடினா?

சோறு தொண்டையில் சிக்குகிறது, தண்ணீர் குடித்தால்தான் இறங்குகிறது என்று ஒருவர் டாக்டரிடம் போகிறார். அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்றால், அது அன்று ஆரம்பித்த நோய் இல்லை. பல வருடங்களாக உள்ளே இருந்திருக்கிறது. உணவுக்குழாய் ரப்பர் மாதிரி விரிந்து கொடுக்கும். பாதை நன்றாகக் குறுகும் வரைக்கும் ஆளுக்கு ஒன்றுமே தெரியாது. குடலைச் சுற்றி இருக்கிற மாதிரி ஒரு வெளியுறை உணவுக்குழாய்க்குப் பெரும்பாலும் கிடையாது. அதனால் கட்டி சுவரைத் தாண்டி வெளியே போவதும் எளிது. வலி வந்து, எடை குறைந்து, எக்ஸ்ரே எடுத்து, ஊர் ஊராக அலைந்து கடைசியில் கண்டுபிடிக்கும்போது பலருக்கு ஆபரேஷன் செய்யும் கட்டமே தாண்டியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-ம் ஆண்டுக்குப் போட்ட கணக்கு இது: புதிதாக நோய் வந்தவர்கள் சுமார் 5 லட்சத்து 11 ஆயிரம் பேர், இறந்தவர்கள் சுமார் 4 லட்சத்து 45 ஆயிரம் பேர். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வந்தவர்களுக்கும் போனவர்களுக்கும் நடுவில் எவ்வளவு குறைவான இடைவெளி!

இத்தனைக்கும் இது கண்டுபிடிக்கவே முடியாத நோய் கிடையாது. மேல்தோலோடு நிற்கிற கட்டத்தில் பிடித்துவிட்டால் எண்டோஸ்கோப்பி வழியாகவே அந்த இடத்தைச் சீவி எடுத்துவிடலாம். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. ஜப்பானில் இது வருடக்கணக்காக நடக்கிறது. ஆக, சிக்கல் சிகிச்சையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஒரு பளபளப்பான பதில் வந்து நிற்கிறது. அதன் பெயர் மைக்ராஸ்கோப் எண்டோஸ்கோப்பி.

அது என்ன மெஷின்?

சாதாரண எண்டோஸ்கோப்பி என்பது நுனியில் கேமரா வைத்த குழாய். சுவரில் புண், மேடு, நிறமாற்றம் இருந்தால் காட்டும். சந்தேகமான இடத்தில் ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளி எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். அங்கே பெத்தாலஜிஸ்ட் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார். இதுதான் பயாப்ஸி. முடிவு வர நாட்கள் ஆகும்.

அந்த மைக்ராஸ்கோப்பையே சுருக்கி வயிற்றுக்குள் அனுப்பினால்? இதுதான் யோசனை. மார்வின் மின்ஸ்கி 1957-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் இதற்கு அடிப்படை. ஒரே ஒரு ஆழத்திலிருந்து திரும்பி வரும் ஒளியை மட்டும் ஊசித்துளை வழியாக எடுத்துக்கொண்டு, மற்ற ஆழத்திலிருந்து வரும் மங்கலை வெட்டிவிடுவது அதன் வேலை. ஜெர்மனியின் மைன்ஸ் நகர மருத்துவர்கள் 2004-ல் இந்த உத்தியை எண்டோஸ்கோப்பின் நுனியில் வைத்து, உயிரோடிருக்கும் மனிதரின் பெருங்குடலில் செல்களைப் படம்பிடித்துக் காட்டினார்கள். ஃப்ளூரசின் என்ற சாயத்தை ஊசி வழியாக ஏற்றி, லேசர் அடித்து, சுமார் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தார்கள். பிறகு அதே உத்தி உணவுக்குழாய்க்கும் வந்தது. ஜப்பானில் ஒலிம்பஸ் கம்பெனி எண்டோசைட்டோஸ்கோப் என்று வேறொரு வழி போனது. மெத்திலீன் புளூ போன்ற சாயத்தைத் தெளித்து, லென்ஸைச் சுவரில் ஒட்டவைத்து, 500 மடங்குக்கு மேல் பெரிதாக்கிப் பார்ப்பது அது.

படங்களைப் பார்த்தால் பிரமிப்பாகத்தான் இருக்கும். செல்லின் உட்கரு வரைக்கும் தெரிகிறது. கிள்ளாமல், ரத்தம் வராமல், அங்கேயே அப்போதே முடிவு. இதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விஞ்ஞானமாக அது அற்புதம்.

ஆனால் "இந்த மெஷின் வந்துவிட்டது, இனி உணவுக்குழாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம்" என்று சொல்வது தவறு. கொஞ்சம் இல்லை, அடிப்படையிலேயே தவறு.

ஒரு சின்னக் கணக்கு

பெரியவர்களுக்கு உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். விரித்தால் சுற்றளவு ஆறு செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பரப்பு 150 சதுர செ.மீ., அதாவது 15,000 சதுர மில்லிமீட்டர். இந்த மைக்ராஸ்கோப் ஒரு பார்வையில் பார்ப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வட்டம். தாராளமாக அரை சதுர மில்லிமீட்டர் என்றே கொடுத்துவிடுவோம். முழுக் குழாயையும் பார்க்க 30,000 தடவை தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தொடுகைக்கு ஒரு நொடி என்றால்கூட எட்டு மணி நேரத்துக்கு மேல். ஒரு நோயாளிக்கு!

யாரும் அப்படிச் செய்வதில்லை, செய்யவும் முடியாது. முதலில் வேறு ஏதோ ஒரு வழியில் "இங்கே பார்" என்று ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் மைக்ராஸ்கோப்புக்கு வேலை. சுருக்கமாகச் சொன்னால், இது தேடுகிற கருவி இல்லை, தேடிக் கிடைத்ததை உறுதி செய்கிற கருவி. தொலைந்த பசுவைத் தேடப் போகிறவன் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினால் எப்படி?

தேடுவதற்கு என்ன வழி? இங்கேதான் அயோடின் வருகிறது.

ஒரு பழைய பாட்டில்

லூகால் அயோடின் 1829-ல் பிரெஞ்சு மருத்துவர் லூகால் கலந்த கரைசல். உணவுக்குழாயின் ஆரோக்கியமான மேல்தோல் செல்களில் கிளைகோஜன் நிறைய இருக்கும். அயோடின் பட்டதும் பழுப்பாகிவிடும். புற்றுநோயை நோக்கி மாற ஆரம்பித்த செல்களில் கிளைகோஜன் குறைந்துவிடுவதால் நிறம் ஏறாது. பழுப்புச் சுவரில் வெளிறிய திட்டாகத் தனியே தெரியும். மருத்துவர் ஷில்லர் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு இதைப் பயன்படுத்தி ஏறக்குறைய நூறு வருடம் ஆகப்போகிறது.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் லின்சியன் என்று ஒரு பகுதி. இன்றைய பெயர் லின்சோ. உலகத்திலேயே உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிக அதிகம் தாக்கிய இடங்களில் ஒன்று. அங்கே செய்த ஓர் ஆய்வு 1998-ல் வெளியானது. வெறும் எண்டோஸ்கோப்பியில் பார்த்தபோது, தீவிர மாற்றமோ புற்றுநோயோ இருந்த இடங்களில் 62 சதவீதம்தான் கண்ணில் பட்டது. அதே எண்டோஸ்கோப், அதே டாக்டர்கள், அயோடின் தெளித்த பிறகு பார்த்தபோது 96 சதவீதம்!

கண்ணில் படாத அந்த மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் என்ன ஆகும்? அதே லின்சியனில் ஏறக்குறைய 700 பேரைப் பதின்மூன்று வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2005-ல் முடிவு வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் லேசான செல் மாற்றம் இருந்தவர்களில் 24 சதவீதம் பேருக்கும், நடுத்தர மாற்றம் இருந்தவர்களில் பாதிப் பேருக்கும், தீவிர மாற்றம் இருந்தவர்களில் 74 சதவீதம் பேருக்கும் அந்தக் காலத்துக்குள் புற்றுநோய் வந்தது. நோய் வருடக்கணக்காக வாசலில் நின்று அறிவிப்புக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் விடை இருக்கிறது. ஹெபெய் மாகாணத்தின் சிசியன் பகுதியில் சில கிராமங்களில் 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களை அழைத்து, அயோடின் தெளித்து ஒரே ஒரு முறை எண்டோஸ்கோப்பி செய்தார்கள். கெட்டது தெரிந்தால் அங்கேயே சிகிச்சை. பக்கத்துக் கிராமங்களில் இது எதுவும் செய்யவில்லை. பத்து வருடம் கழித்துப் பார்த்தார்கள். பரிசோதனை நடந்த கிராமங்களில் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள் 3.35 சதவீதம், நடக்காத கிராமங்களில் 5.05 சதவீதம். ஏறக்குறைய மூன்றில் ஒரு சாவு தடுக்கப்பட்டிருக்கிறது. 2015-ல் வெளியான முடிவு இது.

இதில் லேசர் இல்லை, கான்ஃபோகல் இல்லை, ஃப்ளூரசின் ஊசி இல்லை. சாதாரணக் குழாய், ஒரு பாட்டில் அயோடின், பயாப்ஸி ஊசிவாய், கிராமம் கிராமமாகப் போய் ஆட்களைக் கூப்பிட்ட ஒரு ஏற்பாடு. அவ்வளவுதான்.

இது சீட்டுக் குலுக்கி ஆட்களைப் பிரித்த ஆய்வு இல்லை, கிராமங்களைப் பிரித்த ஆய்வு என்று ஒருவர் குறை சொல்லலாம். நியாயமான குறைதான். ஆனால் எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது? மைக்ராஸ்கோப் எண்டோஸ்கோப்பியைப் பற்றி வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை "பயாப்ஸி முடிவோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போனது" என்றுதான் பேசுகின்றன. எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று பேசுவதில்லை. படம் தெளிவாக இருப்பது வேறு, ஆள் பிழைப்பது வேறு.

கையில் இருக்கும் கருவியே ஒழுங்காக ஓடுகிறதா?

2014-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவு வெளியிட்டார்கள். உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் ஒரு எண்டோஸ்கோப்பி செய்யப்பட்டிருந்தது, அதில் நோய் தவறவிடப்பட்டிருந்தது. மருத்துவ வசதி நிறைந்த நாடுகளிலேயே இந்த நிலைமை.

காரணம் லென்ஸில் மட்டும் இல்லை. சளியையும் நுரையையும் கழுவாமல் பார்ப்பது, வரிசையில் இருபது பேர் காத்திருக்க மூன்று நிமிடத்தில் முடிப்பது, வயிற்றைப் பார்க்கும் அவசரத்தில் உணவுக்குழாயை வழியில் வரும் ஸ்டேஷன் மாதிரி தாண்டிப் போவது. இதையெல்லாம் எந்த மைக்ராஸ்கோப்பும் சரி செய்யாது.

நடுவில் இன்னொரு வழியும் இருக்கிறது. நேரோ பேண்ட் இமேஜிங் என்பார்கள். வெள்ளை ஒளியை வடிகட்டி, ரத்தம் உறிஞ்சும் நீலத்தையும் பச்சையையும் மட்டும் அனுப்பினால் மேல்தோலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பளிச்சென்று தெரியும். ஜப்பானில் 320 பேரிடம் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், உணவுக்குழாயின் ஆரம்பப் புற்றுநோயை வெள்ளை ஒளி 55 சதவீதமும் இந்த ஒளி 97 சதவீதமும் காட்டின. இன்று விற்கும் நல்ல எண்டோஸ்கோப் பலவற்றில் இந்த மாதிரி வசதி ஒரு பட்டனில் இருக்கிறது. அந்தப் பட்டனை அழுத்தப் பழக்குவதற்குச் செலவு எவ்வளவு ஆகும்? அதைச் செய்யாமல் அடுத்த மெஷினுக்கு டெண்டர் போடுவதில் என்ன நியாயம்?

மைக்ராஸ்கோப் வேண்டாமா, அப்படியென்றால்?

வேண்டும். ஆனால் இப்போது வைக்கிற இடத்தில் இல்லை.

அயோடினுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது சந்தேகப் பிராணி. வெறும் அழற்சி இருந்தாலும் நிறம் ஏறாது. அதே லின்சியன் ஆய்வில், நோய் இல்லாததை இல்லை என்று சரியாகச் சொல்லும் திறன் அயோடின் தெளித்த பிறகு 79 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாகக் குறைந்தது. அதாவது தேவையில்லாத பயாப்ஸிகள் ஏறும். ஒவ்வொன்றுக்கும் லேப், பெத்தாலஜிஸ்ட், காத்திருப்பு, மறுபடி வருவதற்கு பஸ் செலவு, ஒரு நாள் கூலி. முடிவு வாங்கத் திரும்பி வராமலே போகிறவர்கள் எத்தனை பேர்!

சரியாக இந்த ஓட்டையைத்தான் மைக்ராஸ்கோப் அடைக்க முடியும். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டமின் ஆய்வுக்கூடம் இதற்காகவே ஒரு எளிய கருவி செய்தது. லேசருக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு, ஒரு சாதாரண டிஜிட்டல் கேமரா, ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ஃபைபர் கட்டு. உட்கருவை ஒளிரச் செய்ய புரோஃப்ளேவின் என்ற பழைய கிருமிநாசினிச் சாயம். விலை சில ஆயிரம் டாலர். எந்த எண்டோஸ்கோப்பின் துளைக்குள்ளும் நுழைத்துவிடலாம். சீனாவிலும் அமெரிக்காவிலும் சோதித்து 2015-ல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. அயோடின் காட்டிய திட்டுகளை மட்டும் இந்த ஃபைபரால் தொட்டுப் பார்த்தால் தேவையில்லாத பயாப்ஸிகளைப் பெருமளவு தவிர்த்திருக்கலாம்.

கவனியுங்கள், அயோடினுக்குப் பதிலாக இல்லை. அயோடினுக்குப் பிறகு. முதலில் வலை, அப்புறம் தராசு.

அப்படியானால் இந்தக் கருவி முதலில் போக வேண்டிய இடம் எது? பெத்தாலஜிஸ்ட் இல்லாத இடம். பயாப்ஸி முடிவு வருவதற்குள் நோயாளி மலை ஏறிப் போய்விடுகிற இடம். நடப்பது என்ன? நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், பெத்தாலஜி லேப் இரண்டு மாடி கீழே இருக்கும் கட்டிடத்தில், விலை உயர்ந்த மாடல் முதலில் வந்து இறங்குகிறது. பயாப்ஸிக்கு மாற்று எங்கே கொஞ்சமும் அவசரமில்லையோ, அங்கேதான் மாற்று வாங்குகிறார்கள்!

கருவிகள் எந்த நோயை மனதில் வைத்து வளர்ந்தன என்பதையும் பார்க்க வேண்டும். உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இரண்டு வகை. நெஞ்செரிச்சல், பாரட் மாற்றம் வழியாக வருவது ஒன்று, மேற்கு நாடுகளில் அதிகம். தட்டைச் செல்லில் வருவது இன்னொன்று, ஆசியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அதிகம். உலகத்தில் ஐந்தில் நான்குக்கும் மேல் இரண்டாவது வகைதான். ஆனால் உணவுக்குழாய்க்கான கான்ஃபோகல் ஆய்வுகளில் பெரும்பகுதி பாரட் வகையைச் சுற்றியே நடந்தது. நோயாளி ஓரிடம், சந்தை இன்னோரிடம்.

இந்தியாவுக்கு இதில் என்ன?

நிறைய. 2022 கணக்குப்படி இந்தியாவில் வருடத்துக்குச் சுமார் 70 ஆயிரம் பேருக்குப் புதிதாக இந்த நோய் வருகிறது. அது நாடு முழுக்கச் சமமாகப் பரவியும் இல்லை. மேகாலயாவின் கிழக்கு காசி மலை மாவட்டம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் தொடர்ந்து உச்சத்தில் நிற்கிறது. அசாம், மிசோரம், காஷ்மீர் இவையும் உண்டு. பாக்கு, புகையிலை, சுடச்சுடக் குடிக்கும் பானம், காய்கறி குறைந்த சாப்பாடு என்று காரணங்கள் பல. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக அமைப்பு அறிவித்தது 2004-ல். 65 டிகிரிக்கு மேல் சூடான பானம் அநேகமாக ஆபத்து என்று சொன்னது 2016-ல்.

ஆனால் 2016-ல் மத்திய அரசு வெளியிட்ட பரிசோதனை வழிகாட்டுதலில் மூன்று புற்றுநோய்கள்தான்: வாய், மார்பகம், கருப்பைவாய். நாடு முழுமைக்கும் அந்தப் பட்டியல் சரி. கிழக்கு காசி மலைக்கும் அதே பட்டியல் சரியா?

"எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பியா? நடக்கிற காரியமா?" என்று உடனே கேட்பார்கள். எல்லோருக்கும் என்று யார் சொன்னது? நோய் குவிந்திருக்கும் சில மாவட்டங்கள், 40 வயதுக்கு மேல், பாக்கோ புகையிலையோ பழக்கம் உள்ளவர்கள், வாழ்நாளில் ஓரிரு தடவை. சீனா கிராமத்தில் செய்தது இதைத்தான்.

"மலிவான வழியெல்லாம் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே எடுபடாது" என்று இன்னொரு வாதம் வரும். அதற்குப் பதில் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2000-ல் அங்கே தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற நர்சுகள் கிராமத்துப் பெண்களின் கருப்பைவாயில் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். ஒரே ஒரு தடவை. 2007-ல் வெளியான முடிவில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அது. தொண்டைக்குள் குழாய் விடுவது அதைவிடக் கடினம், டாக்டர் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் தத்துவம் ஒன்றுதான்: சாயம் போடு, பார், கையோடு சிகிச்சை கொடு.

அயோடினும் சும்மா வருவதில்லை. நெஞ்சு எரியும், அலர்ஜி உள்ளவர்களுக்கும் தைராய்டு சிக்கல் உள்ளவர்களுக்கும் கவனம் தேவை. எரிச்சலைத் தணிக்க சோடியம் தயோசல்ஃபேட் தெளிக்கலாம். இதெல்லாம் சமாளிக்கக்கூடிய விஷயங்கள். சமாளிக்க முடியாதது ஒன்றுதான்: சோறு இறங்காத பிறகு வரும் நோயாளி.

ஆகவே ஆஸ்பத்திரியோ அரசோ மைக்ராஸ்கோப் எண்டோஸ்கோப் வாங்கப் போவதாக அறிவிக்கும்போது கைதட்டுவதற்கு முன்னால் நான்கு கேள்வி கேட்க வேண்டும். இருக்கிற எண்டோஸ்கோப்பில் ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் தருகிறீர்கள்? அபாயம் உள்ளவர்களுக்கு அயோடினோ நேரோ பேண்டோ பயன்படுத்துகிறீர்களா? அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் எத்தனை பேரைப் போன வருடம் பார்த்தீர்கள்? ஆரம்பக் கட்டத்தில் கண்டுபிடித்தால் அங்கேயே சீவி எடுக்க ஆள் இருக்கிறதா?

நான்குக்கும் பதில் இருந்தால் மெஷினைத் தாராளமாக வாங்கலாம், அது வேலை செய்யும். பதில் இல்லையென்றால் அந்தப் பணத்தில் அயோடினும், குழாயும், பயிற்சி பெற்ற ஆட்களும், அவர்கள் மலைக்கிராமத்துக்குப் போக ஒரு வண்டியும் வாங்கட்டும். செல்லுக்குள் பார்ப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஆளைப் பார்க்க வேண்டும்.